மிட்டாய் பாட்டில்களில் படிந்த வெள்ளை

அண்ணி அந்த ஐந்து பாட்டில்களையும் கிழிந்த இறால் வலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. புருஷன் இறந்த பிறகு எங்கள் வீட்டை ஒட்டியே ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருக்கிறார். வலையைப் பிரித்து, ஒவ்வொரு பாட்டிலாக என் வாசலில் எடுத்து வைத்தார். வெயிலில் அவற்றைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி என்று யாராவது சொன்னால்தான் கண்ணாடி. ஒன்று கறுப்பாக இருந்தது, ஒன்று மஞ்சளாக இருந்தது, மற்றவை கஞ்சியில் முக்கி எடுத்த மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"இன்னாண்ணி இது?"

"தெரியல? மிட்டாய் பாட்டிலு. பஸ்ஸு திரும்புற எடத்துல நைனா கடை இருந்துச்சே, அந்தக் கடையோடது."

நைனா என்று அவர் சொன்னது அந்தப் பெட்டிக்கடைக்காரப் பெரியவரை. எங்கள் பக்கத்தில் அப்பாவையும் அப்படிக் கூப்பிடுவார்கள், அப்பா வயதுக்காரர்களையும் அப்படிக் கூப்பிடுவார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பழவேற்காடு போக பஸ்ஸுக்காக நிற்கும்போதெல்லாம் அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆட்களைப் பார்க்க எனக்குக் கூச்சம்; அதனால் பாட்டில்களைப் பார்ப்பேன். காலை வெயில் அவற்றின் வழியே வந்து பலகையில் மஞ்சளும் சிவப்புமாக விழும். அதே பாட்டில்கள்தான் இவை என்று என்னால் நம்ப முடியவில்லை.

அண்ணி ஏன் கடை வைக்கப் போகிறார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வேலை ஏரியில் கையால் இறால் தடவுவது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து உட்கார்ந்த மாதிரியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல்தான் பார்க்கும். இது இறால், இது நண்டு, இது வெறும் கிளிஞ்சல் என்று விரல் சொல்லிவிடும்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு கெளுத்தி முள் அண்ணியின் வலது கையில் ஆழமாக ஏறிவிட்டது. வீக்கம் வடிந்தது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போய்விட்டன. அதற்குப் பிறகு ஏரிக்கு வந்தாலும், எல்லாருடைய பறியும் நிறையும்போது அவருடைய பறி மட்டும் தண்ணீரில் இலேசாக மிதந்துகொண்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் ஒரு வழி பார்த்து வைத்திருந்தார். இறால் உரிக்கும் ஷெட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். ஆனால் அங்கே நாள் முழுக்க ஐஸில் கை வைத்திருக்க வேண்டும். அண்ணியின் அந்த இரண்டு விரல்களிலும் அடுப்புச் சூடு தெரியாது. ஐஸ் பட்டால் மட்டும் தோள் வரை குத்தும். "மரத்துப்போனா முழுசா மரத்துப்போவணும். இது இன்னா பாதி மரப்பு?" என்று அவரே அந்த விரல்களைத் திட்டுவார். ஒரு நாள் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து சாயங்காலம் முழுக்கக் கையை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் பொன்னேரியில் மகன் வீட்டோடு போய்விட்டார். பெட்டிக்கடை பூட்டியே கிடக்கிறது. அண்ணி எடுத்து நடத்துவதானால் நடத்தலாம். ஆனால் பொங்கலுக்குள் திறந்துவிட வேண்டும். அதே இடத்தில் டிபன் வண்டி போட ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பொங்கல் வரை பார்த்துவிட்டு அவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றாராம்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் பாட்டில்களைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எதுக்குக்கா இந்த பேஜாரு? பிளாஸ்டிக் டப்பா வாங்கி வெச்சா முடிஞ்சுது."

"பிளாஸ்டிக்குல உள்ள இருக்கறது இன்னா தெரியும்?"

"மிட்டாய்னு எழுதி ஒட்டு."

"டேய், நான் யாருன்னு இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரியும். நேத்து வரைக்கும் சேத்துல கை விட்டவ. அந்தக் கையால திங்கறது குடுத்தா யோசிப்பாங்க. உள்ள கீறது ரோட்டுல இருந்தே தெரியணும். ஈ இல்ல, எறும்பு இல்ல, கலீஜ் இல்லன்னு கண்ணால பார்த்துட்டாங்கன்னா அப்புறம் என் கையை எவனும் பார்க்க மாட்டான்."

 "பொங்கலுக்குள்ள ஆவலன்னா வேன்ல ஏறிடுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் போனார். அண்ணி என்னைப் பார்த்தார். அவருடைய விரல்களுக்கு அழுக்கு போனதா இல்லையா என்று தெரியாது. ஆகவே அந்த வேலை என்னுடையதாயிற்று.

எல்லா பாட்டிலுக்கும் கழுத்து குறுகல். கையை உள்ளே விட்டால் விரல் முட்டிகளோடு மாட்டிக்கொள்ளும். விரல்நுனி பாதி ஆழம் வரைக்கும்தான் எட்டும். அதனால் அழுக்கைக் கண்ணால் பார்ப்பதும் விரலால் தடவுவதுமாக ஒவ்வொன்றாகப் பழகினேன். கறுப்பு பாட்டிலில் இருந்தது உருகி இறுகின வெல்லம், தார் மாதிரி. மஞ்சளில் இருந்தது பழைய எண்ணெய்; அது பிசுக்கு நிலையைத் தாண்டி, நகத்தால் கீறினால் சுருண்டு வரும் தோலாக ஆகியிருந்தது. ஒன்றில் சுண்ணாம்பு காய்ந்து பாறையாகியிருந்தது. மற்ற இரண்டிலும் குறிப்பாக எதுவும் இல்லை, வெறும் மங்கல்தான். அழுக்கிலும் இத்தனை வகை இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அழுக்கு என்றால் அழுக்கு என்றே நினைத்திருந்தேன்.

அண்ணிக்குப் பொறுமை இல்லை. வெல்ல பாட்டிலில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சித் தண்ணீரை ஊற்றினார். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. கழுத்திலிருந்து அடி வரைக்கும் ஒரு கோடு இறங்கி, பாட்டில் இரண்டு பாதியாகப் பிரிந்து விழுந்தது. கஞ்சி வாசலெல்லாம் ஓடியது.

"போவட்டும் வுடு. அஞ்சு வெச்சா கண்ணு படும்" என்றார்.

அடுத்து ஒரு மங்கல் பாட்டிலில் கடற்கரை மணலைப் போட்டுக் குலுக்கினார். நான் தடுப்பதற்குள் நன்றாகவே குலுக்கிவிட்டார். மணலோடு கிளிஞ்சல் பொடியும் இருந்திருக்கிறது. கொட்டிவிட்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். மீன் தேய்க்கிற கல் மாதிரி சொரசொரத்தது. அது இனி என்ன செய்தாலும் தெளியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணியிடம் சொல்லவில்லை.

மிச்சம் மூன்றையும் அவர் கையில் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். எண்ணெய் பாட்டிலில் அடுப்புச் சாம்பலும் சலவை சோடாவும் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஊற வைத்தேன். காட்டூர்ப் பக்கம் நெல் அரைக்கிற இடத்திலிருந்து ஒரு பை உமி கொண்டுவந்து தரும்படி அண்ணியிடம் சொன்னேன். உமி நல்ல பொருள். தண்ணீரோடு போட்டுக் குலுக்கினால் மூலை முடுக்கெல்லாம் போய்த் தேய்க்கும், ஆனால் கண்ணாடியைக் கீறாது. ஒரு குச்சியின் நுனியில் பழைய நைலான் வலையைப் பந்தாகச் சுற்றி, கழன்று உள்ளே விழாமல் இருக்க இறுக்கிக் கட்டி, அதை உள்ளே விட்டுச் சுழற்றினேன். எங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பதும் அந்த வலையால்தான். எண்ணெய்த் தோல் துண்டு துண்டாக உரிந்து, மீன் செதில் மாதிரி தண்ணீரில் மிதந்து வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைக் கொட்ட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுண்ணாம்புப் பாறையைக் குச்சியால் இடித்துப் பெயர்த்தேன். மூன்றையும் கழுவி, அலசி, ஆட்டுப்பட்டி வேலியின் குச்சிகளில் கவிழ்த்து வைத்தேன். ஈரத்தோடு இருக்கும்போது மூன்றும் பளிச்சென்று இருந்தன. அந்தப் பக்கம் நிற்கிற ஆட்டின் தாடி வரைக்கும் தெரிந்தது. அண்ணி கையைத் தட்டிச் சிரித்தார்.

மத்தியானம் காய்ந்த பிறகு போய்ப் பார்த்தால் மறுபடியும் வெள்ளை.

அழுக்கு சரியாகப் போகவில்லை என்று நினைத்தேன். மறுநாள் ஏரியிலிருந்து வந்து மறுபடியும் சாம்பல், உமி, வலை. ஈரத்தில் பளிச். காய்ந்தால் வெள்ளை. அதற்கடுத்த நாளும் அப்படியே. தண்ணீருக்குள் இருந்தால் போய்விடுகிறது, வெளியே எடுத்தால் வந்துவிடுகிறது. இந்த வெள்ளை எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறதா? ஏரியில் இறால் தடவும்போதும் இதே நினைப்பு. ஒரு பெரிய இறால் கையிலிருந்து நழுவிப் போனதைக்கூட கவனிக்கவில்லை. பக்கத்தில் தடவிக்கொண்டிருந்தவள், "இன்னாடி, இறாலுக்கு லீவு குடுத்துட்டியா?" என்று கேட்டாள். பல்லில் பறிக்கயிறு இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

அண்ணிக்கு ஒரு யோசனை வந்தது. "ஏரில கட்டி வுடுவோம். செத்த மாட்டையே நாலு நாள்ல துடைச்சு வெச்சுடுது ஏரி. இது எம்மாத்திரம்?" என்றார். சரி என்று ஒரு பாட்டிலை வலையில் போட்டு, கரையோரத்தில் நட்டிருந்த கொம்பில் கட்டித் தண்ணீருக்குள் விட்டோம். சில நாள் கழித்து எடுத்தபோது அதன்மேல் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. பாசிக்கு நடுவே படகின் அடியில் ஒட்டுமே அந்தச் சின்னச் சிப்பிகள், மிளகு மிளகாக ஒட்ட ஆரம்பித்திருந்தன. உள்ளே ஒரு நண்டுக் குஞ்சு குடியேறியிருந்தது. கவிழ்த்தாலும் வெளியே வராமல் அடியில் காலை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"இவரு வாடகைக்கு வந்துட்டாரு" என்றார் அண்ணி. சிரித்தார்; ஆனால் அன்று சாயங்காலம் அவர் கையை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஐஸ் இல்லாமலேயே வலித்தது போலிருந்தது. மார்கழி பாதி போய்விட்டிருந்தது.

நண்டை ஏரியில் விட்டுவிட்டு, பாசியையும் சிப்பியையும் சுரண்டி எடுத்த பிறகு, "கடைக்காரரையே கேட்டா இன்னாண்ணி?" என்றேன். அவர் கடையில் அந்த பாட்டில்கள் எப்படி மின்னின என்று நான் கண்ணால் பார்த்தவள். அண்ணி போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"நைனா, பாட்டிலு பளிச்சுன்னு ஆவவே மாட்டேங்குது. நீ இன்னா போட்டு கழுவுன?"

"இன்னாது?"

"இன்னா போட்டு கழுவுனன்னு கேக்கறேன். சாம்பலா, சோப்பா?"

"நான் எங்க கழுவுனேன்மா? கழுவுனதே இல்ல."

"கழுவுனதே இல்லையா!"

"மிட்டாய் தீந்துச்சுன்னா, வேட்டி முனையைக் குச்சில சுத்தி உள்ள ஒரு தொடை தொடைப்பேன். அடுத்த மிட்டாயைக் கொட்டுவேன். கடையை மூடுனப்புறம் மருமவதான் எடுத்து, எண்ணெய்க்கு ஒண்ணு வெல்லத்துக்கு ஒண்ணுன்னு வெச்சிகினு இருந்துச்சு. சுத்தக்காரி. வாரத்துக்கு ஒரு தபா கழுவும். கொஞ்ச நாளாத்தான் கழுவாம மூலைல போட்டு வெச்சிருந்துச்சு."

"அய்ய, கலீஜ்! அந்த மிட்டாயைத்தானே சின்ன வயசுல நாங்க தின்னோம்?"

"தின்னுட்டு நல்லாதானே கீற?"

அண்ணி போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ ஆச்சரியம் இன்னும் அதிகமானது. கழுவாதபோது மின்னியிருக்கிறது. கழுவக் கழுவ மங்கியிருக்கிறது. அது எப்படி? அதற்கு மேல் என் யோசனை ஓடவில்லை.

அந்த வாரத்திலேயே மழை வந்தது. மார்கழி கடைசியில் எப்போதாவது வருமே, அந்த மாதிரி ஒரு மழை. விடிகிற நேரத்தில் ஆரம்பித்து மத்தியானம் வரை கொட்டியது. சுண்ணாம்பு பாட்டிலில் மிச்சம் ஒட்டியிருந்தது கரையட்டும் என்று புளி கரைத்து ஊற்றி, வாசலில் நிமிர்த்தி வைத்திருந்தேன். மற்றவை வேலிக் குச்சிகளில் கவிழ்ந்து கிடந்தன. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். புளித் தண்ணீர் வழிந்துபோய், பாட்டிலில் நல்ல மழைத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் அது காய்ந்திருந்தது. காய்ந்த பிறகும் வெள்ளை வரவில்லை! அதன் வழியே வேலி தெரிந்தது, வேலிக்கு அப்பால் ஏரி தெரிந்தது.

"புளிதாண்டி!" என்றார் அண்ணி. நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டிலிருந்த புளியெல்லாம் எடுத்து மற்ற இரண்டிலும் கரைத்து ஊற்றினோம். இரண்டு நாள் ரசம் வைக்கவில்லை. பிறகு அடிபம்பில் தண்ணீர் அடித்து நன்றாக அலசிக் காய வைத்தோம். இரண்டிலும் வெள்ளை திரும்பி வந்தது. முன்னைக்கு இப்போது மெலிதாக இருந்ததுதான். ஆனாலும் வெள்ளை வெள்ளைதான்.

அந்த பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஈரமாக இருக்கையில் உள்ளே விரல் விட்டுத் தடவியபோது வழுவழு என்று இருந்தது. இப்போது தடவினால் மிக நைசான மாவு போல ஏதோ தட்டுப்படுகிறது. ஈரத்தில் இல்லாதது காய்ந்ததும் எப்படி வந்தது என்று விரல் கேட்டது. அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. மழையன்று கவிழ்ந்து கிடந்த பாட்டில்களுக்கும் வெளிப்பக்கம் மட்டும் பளிச்சென்று ஆகியிருந்தது. மழை பட்டது வெளிப்பக்கம்தான். அங்கே புளியே படவில்லை.

வீட்டுக்குள் போய், என் வீட்டுக்காரர் முகம் மழிக்கிற வட்டக் கண்ணாடியை எடுத்து வந்தேன். அதுவும் மங்கல்தான்; புடவைத் தலைப்பால் ஈரம் தொட்டு அழுத்தித் துடைத்தேன். அதன்மேல் விரலால் நான்கு சொட்டு வைத்தேன். ஒன்று ஏரித் தண்ணீர். ஒன்று அடிபம்பு உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அதுதான். ஒன்று குடிக்கிற நல்ல தண்ணீர். அது ஒருநாள் விட்டு ஒருநாள் தெருக் குழாயில் கொஞ்ச நேரம் வரும். கடைசியாக ஆட்டுத்தொட்டியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர். கண்ணாடியை வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடி, கண்ணாடிக்குப் பொட்டு வெச்சிகினு கீற? அதுக்கும் மாப்பிள்ளை பார்த்தாச்சா?"

"இருங்கண்ணி. காயட்டும்."

காய்ந்தது. ஏரிச்சொட்டு தடித்த வெள்ளை வட்டமாக நின்றது. பம்புச்சொட்டு மெல்லிய வெள்ளை வளையம். நல்ல தண்ணீர்ச்சொட்டு உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு தடம். மழைச்சொட்டு இருந்த இடத்தை எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கடல்தண்ணீர் காய்ந்தால் உப்பு என்று பாடத்திலும் இருந்தது, படிக்காதவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் அது தெரியும். ஆனால் கழுவின பாட்டிலில் நிற்பதும் அதே சங்கதி என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எங்களுக்கு உப்புத் தண்ணீர்தான் தண்ணீர். எங்கள் ஊரில் சொம்பு, தட்டு, டம்ளர், ஜன்னல் கண்ணாடி எல்லாமே வெளுத்துத்தான் இருக்கும். அழுக்கை எடுக்கிறேன் என்று தினமும் நானேதான் அதை ஊற்றிக்கொண்டிருந்தேன். பெரியவர் கழுவாமல் துடைத்தார், மின்னியது. மருமகள் சுத்தமாகக் கழுவினாள், மங்கியது.

 அண்ணி வானத்தைப் பார்த்தார். மேகமே இல்லை. ஆட்டுத்தொட்டியில் இருந்த மிச்சத்தை ஆடு குடித்துவிட்டிருந்தது. போகிக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

"நல்ல தண்ணிலதான் அலசணும்" என்றேன்.

"அத்த எவ குடுப்பா?"

எங்களில் யாரும் நல்ல தண்ணீரில் கை கழுவக்கூட மாட்டோம். டம்ளரில் மிச்சம் வைத்தாலே அண்ணி திட்டுவார். குழாயடியில் குடம் முந்தி வைத்ததற்காக வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

மறுநாள் குழாயில் என் குடத்தைப் பிடித்து, வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே இறக்கினேன். குழாய் எங்கள் வீட்டுக்கு எதிரில்தான். வரிசை முழுக்கப் பார்த்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தலையைத் தூக்காமல், கறையெல்லாம் புளித்தண்ணீரில் போக்கி வைத்திருந்த இரண்டு பாட்டில்களில் ஒன்றை எடுத்து, ஒரு சொம்பு நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றிச் சுழற்றினேன்.

"அடியேய், பாட்டிலு வயசுக்கு வந்துடுச்சாடி? தண்ணி ஊத்துறா!" என்றாள் ஏரியில் என் பக்கத்தில் தடவுகிறவள். "தாய்மாமன் எங்க? சீர் கொண்டாரச் சொல்லு!"

வரிசை சிரித்தது. அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சீரு நீ கொண்டா. அத்தைக்காரி நான் கீறேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஏரியிலிருந்து வந்து நின்றார்.

"குடிக்கற தண்ணில பாட்டிலு கழுவுறியா? புத்தி கீதா உனக்கு?"

நான் பொதுவாக அவருக்கு எதிரில், அதுவும் ஆட்கள் முன்னால், பதில் பேசுகிறவள் இல்லை. அன்று வாய் வந்துவிட்டது. "எனக்கு வர்ற தண்ணில கழுவுறேன். உங்க பங்கு அந்தக் குடத்துல கீது. நான் ரெண்டு நாளு கம்மியா குடிச்சுக்கறேன்."

  உள்ளே போய் அந்த வட்டக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். எந்தச் சொட்டு எந்தத் தண்ணீர் என்று சொன்னேன். அவர் பம்புத் தண்ணீர் வளையத்தை நகத்தால் சுரண்டினார். நகத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

"ஆமா."

"அப்போ நம்ம சொம்புல கீறது?"

"அதுவும் அப்படித்தான்."

"நான் சொம்போட கலருன்னு நெனச்சிகினு இருந்தேன்."

வரிசையில் நின்றவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவரைப் பார்த்து. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டிலைக் கவிழ்த்து, கீழே விழுகிற தண்ணீரை வீணாக்காமல் ஆட்டுத்தொட்டியில் பிடித்தார். காய விடாமல், பழைய வேட்டித் துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு ஈரத்தைத் துடைத்தோம். அதுவும் பெரியவர் வைத்தியம்தான். இரண்டாவது பாட்டிலையும் அப்படியே முடித்து நான் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது, வரிசையிலிருந்து ஒருத்தி வந்து அதன் வழியே தன் குடத்தைப் பார்த்தாள். இன்னொருத்தி வந்தாள். "சோக்கா கீதுடி" என்றார்கள். ஏரியில் என் பக்கத்தில் தடவுகிறவள் மட்டும் கண்ணாடிமேல் இருந்த வளையத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் குடம் நிறைந்து வழிந்ததைக்கூட யாரோ கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

போகிக்கு முதல்நாள் கடையைத் திறந்தார் அண்ணி. பலகையைத் துடைத்து, மூன்று பாட்டில்களையும் வெயில் பின்னாலிருந்து விழுகிற மாதிரி வைத்தார். ஒன்றில் எள்ளுருண்டை, ஒன்றில் கடலையுருண்டை, ஒன்றில் ஆரஞ்சு மிட்டாய். மணலில் கீறல் விழுந்த நான்காவது பாட்டிலை விட்டுவிடச் சொன்னேன். அதைத் தூக்கிப்போட அவருக்கு மனம் வரவில்லை. துணி சோப்பைத் துண்டு துண்டாக நறுக்கி அதில் போட்டு ஓரத்தில் வைத்தார்.

முதல் பஸ் வந்து திரும்பிப் போனது. இறங்கினவர்கள் கடையைப் பார்த்தார்கள், அண்ணியைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அண்ணி வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். நான் கடைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அடுத்து வந்தது ஷெட்டு வேன். உரிக்கப் போகிற பெண்கள் உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் கடைக்கு எதிரில் நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாக்கா, வரியா? ஒரு எடம் காலி கீது. உன் தம்பி அன்னிக்கே சொல்லிட்டுப் போனாரு."

அண்ணி எழுந்திருக்கவில்லை.  வேன் நகரப் போனது.

"யோவ், நிறுத்துயா" என்று ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெண் சொன்னாள். வேனில் இருந்தபடியே பாட்டில்களைக் கூர்ந்து பார்த்தாள். "அக்கா, அது இன்னா? எள்ளா கடலையா?"

"பார்த்தா தெரியல?"

"தெரியுது. சும்மா கேட்டேன்."

"தெரியுதுல்ல? அப்புறம் இன்னா கேள்வி? கையை நீட்டு."

அண்ணி எழுந்து, இடது கையால் பாட்டிலைச் சாய்த்து, மரத்த விரல்கள் உள்ள வலது கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியே நீண்ட கையில் கடலையுருண்டைகளை உருட்டிவிட்டார். அந்தப் பெண் அண்ணியின் கையைப் பார்க்கவே இல்லை. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மற்றதைப் பக்கத்தில் கொடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து இன்னும் கைகள் நீண்டன. எள்ளு கேட்டார்கள், ஆரஞ்சு கேட்டார்கள். டிரைவர் நேரமாகிறது என்று கத்திவிட்டு, தானும் ஒன்று கேட்டு வாங்கினார்.

வேன் கிளம்பும்போது அந்தப் பெண் ஓரத்து பாட்டிலைக் காட்டி, "அது மட்டும் ஏங்கா மங்கலா கீது? உள்ள இன்னா?" என்று கேட்டாள்.

"சோப்பு."

"அய்ய! சோப்பு கீற பாட்டிலே அழுக்கா?"

"அது உள்ள உக்காந்து கழுவிகினுதான் கீது" என்றார் அண்ணி. "பொங்கல் கழிச்சு வந்து பாரு."